செஞ்சிக் கோட்டை: கருவிலிருந்து உருவரை

கவிதை பிறக்கும் வகையைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை மிகப் பல. கரு எவ்வாறு உள்ளத்தில் ஊன்றுகிறது, யாப்பு அதனை எவ்வாறு தாங்குகிறது, எழுதியதைத் திருத்தும்போது எது நிலைக்கிறது, எது உதிர்கிறது என்பனவெல்லாம் புலவர் அரங்குகளில் நாளும் பேசப்படுவன. கல்லாலும் மண்ணாலும் சுண்ணாம்பாலும் ஆன பெரும் படைப்புகள் பிறக்கும் வகை அவ்வாறு பேசப்படுவதில்லை. அவற்றுள்ளும் கோயிலுக்காவது சிற்பநூல் மரபின் துணை உண்டு. கோட்டையோ போர் நிகழ்ந்த களமாக மட்டுமே நோக்கப்பட்டு வந்துள்ளது. எவர் முற்றுகையிட்டார், எவர் கைப்பற்றினார் என்னும் வரிசையே அதன் வரலாறாக எழுதப்படுகிறது. அதனை எண்ணியவர், வகுத்தவர், கட்டியவர், திருத்தியவர் ஆகியோர் அவ்வரிசையில் இடம் பெறுவதில்லை.

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் நெடுஞ்சாலையில் செஞ்சியைக் கடப்போர் கண்ணுக்கு முதலில் புலப்படுவன மூன்று குன்றுகள். மேற்கே இராசகிரி, வடக்கே கிருட்டிணகிரி, தென்கிழக்கே சந்திரகிரி. உருண்டு சரிந்த கருங்கற் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியவை போலக் கிடக்கின்றன. அவற்றிடையே ஏறியும் இறங்கியும் ஓடும் மதில் எங்கே தொடங்குகிறது, பாறை எங்கே முடிகிறது என்பதைத் தொலைவிலிருந்து பிரித்தறிவது அரிது. கோட்டையின் ஆக்க வரலாற்றை அறிய விழைவோர்க்கு இக்காட்சியே நல்ல தொடக்கம். இயற்கையின் வேலை நின்ற இடத்தில் மனிதரின் வேலை தொடங்கியிருக்கிறது.

இலக்கியத்தில் அரண்

கோட்டை என்பது தமிழ் மரபில் கல்லாவதற்கு முன்பே கருத்தாகிவிட்டது. தொல்காப்பியம் மதிலை வளைத்தலையும் கொள்ளுதலையும் உழிஞைத் திணையாக வகுத்து, அதனை மருதத்திற்குப் புறனாக வைத்தது. பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலை மதில் காத்தலை நொச்சி என்று தனித்திணையாக்கியது. வளைப்போனுக்கு ஒரு பூவும் காப்போனுக்கு ஒரு பூவும் சூட்டிய மரபு அது.

திருக்குறள் அரணுக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியது. அதனைப் போர்ப் பாடலாகப் படிக்காமல், கட்டுவோனுக்குத் தரப்பட்ட குறிப்பாகப் படித்தால் அதன் நுட்பம் விளங்கும். தெளிந்த நீரும் வெளிநிலமும் மலையும் நிழல் செறிந்த காடும் அரணின் உறுப்புகளாகச் சொல்லப்படுகின்றன. உயரமும் அகலமும் திண்மையும் நெருங்குதற்கு அருமையும் வேண்டப்படுகின்றன. காக்க வேண்டிய இடம் சிறிதாகவும் உள்ளிருக்கும் பரப்பு பெரிதாகவும் இருத்தல் வேண்டும் என்கிறார் வள்ளுவர். இந்த ஒரு விதியில் கோட்டை வகுப்போனின் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது. பரப்பு பெருகினால் மதிலின் நீளமும் பெருகும். காவலர் தொகையும் பெருக வேண்டும். இரண்டையும் ஒருசேர எவ்வாறு பெறுவது? வள்ளுவர் வினாவை வைத்தார். செஞ்சியின் நிலம் அதற்கொரு விடையை வைத்திருந்தது.

நிலம் தந்த கரு

மூன்று குன்றுகளும் ஒன்றையொன்று பார்க்கும்படி முக்கோணமாக நிற்கின்றன. ஒரு குன்றில் நிற்போர் மற்ற இரண்டையும் காணலாம். குன்றுகளின் செங்குத்தான முகங்களுக்கு மதில் பெரும்பாலும் வேண்டுவதில்லை. இடைவெளிகளை அடைத்தால் போதும். அடைத்துவிட்டால் நடுவே ஒரு நகரம் அடங்கும் சமநிலம் கிடைக்கிறது. காக்க வேண்டிய இடம் குறைந்து, உட்பரப்பு விரிகிறது. மூன்று குன்றுகளும் தனித்தனியே அரணாகவும் கூடி ஓர் அரணாகவும் இயங்க வல்லவை. ஒன்று வீழ்ந்தாலும் மற்றவை நிற்கும்.

இப்பகுதியின் பாறையைக் கண்டு புதிதாக ஒன்றை எண்ணியவர்கள் முன்பும் உண்டு. செஞ்சிக்கும் விழுப்புரத்திற்கும் இடைப்பட்ட மண்டகப்பட்டில் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் ஒரு குடைவரைக் கோயிலை அமைத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய நான்கும் இன்றி மும்மூர்த்திகளுக்கு இக்கோயில் ஆக்கப்பட்டது என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு கூறுகிறது. ஆக்கியவன் பெயராக அது தருவது விசித்திரசித்தன் என்னும் விருது. புதுமை நாடும் உள்ளத்தான் என்பது அதன் பொருள். ஒரு கட்டடத்தின் சிறப்பை அதில் இல்லாத பொருள்களைக் கொண்டே சொன்ன கல்வெட்டு அது. வழக்கமான பொருளை விலக்கினால் என்ன நேரும் என்னும் வினாவிலிருந்து ஒரு படைப்பு பிறந்ததற்கு அது சான்று. செஞ்சியை அடுத்த சிங்கவரத்திலும் மேலச்சேரியிலும் பல்லவர் காலக் குடைவரைகள் இருக்கின்றன. பாறையோடு பழகிய கைகள் இவ்வட்டாரத்தில் கோட்டைக்கு முன்பே இருந்தன என்பது இதனால் தெளிவு.

கோட்டையின் தொடக்கத்தைக் 'கருநாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்' என்னும் பிற்கால நூல் ஆனந்தக்கோன் கதையோடு இணைக்கிறது. ஆயர்குலத்து ஆனந்தக்கோன் இம்மலையில் புதையல் கண்டெடுத்து, 1190ஆம் ஆண்டை ஒட்டி இங்கு அரண் அமைத்தான் என்பதும், அவனுக்குப் பின் கிருட்டிணக்கோன் வடகுன்றை அரணாக்கினான் என்பதும் அம்மரபு. மலையைச் சுற்றி நாள்தோறும் நடந்தவனே அதன் வழியையும் சுனையையும் சரிவையும் அறிவான். அவ்வகையில் ஆயன் ஒருவனை முதல் வகுப்போனாகக் கொண்ட இக்கதைக்குள் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது எனலாம். ஆயினும் இலக்கியச் சான்று இன்னும் முன்னோக்கிச் செல்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒட்டக்கூத்தர் பாடிய விக்கிரமசோழன் உலா, செஞ்சியர் தலைவனான காடவனைக் குறிக்கும்போதே அவன் ஊரின் மதிலையும் மதிலின் உட்புற மேடையையும் சேர்த்துக் குறிக்கிறது. கதை குறிக்கும் ஆண்டுக்கு முன்பே செஞ்சியில் மதில் இருந்தது. புலவர் அதனைக் கண்டார் அல்லது கேட்டறிந்தார். எனவே ஆனந்தக்கோனையும் முதல் ஆசிரியன் என்பதைவிட, நமக்குப் பெயர் தெரிந்த முதல் திருத்துநன் என்பதே பொருந்தும்.

நீரும் நெல்லும்

கோட்டை என்றவுடன் மதிலே நினைவுக்கு வரும். கட்டியவர் நினைவில் முதலில் நின்றது நீராகத்தான் இருத்தல் வேண்டும். மதில் பகைவனை வெளியே நிறுத்தும். உள்ளிருப்போரைச் சாகாமல் வைப்பது நீரும் நெல்லும். ஏறத்தாழ 800 அடி உயரமுள்ள இராசகிரியில் நன்னீர்ச் சுனைகளும் மழைநீர்த் தேக்கங்களும் உள்ளன. பாறைச் சரிவில் விழும் மழை மண்ணில் சுவறாமல் ஓடிவருவதால் அதனைத் தடுத்து வாங்கினாலே குளமாகும். இராசகிரியின் அடிவாரத்தில் உள்ள சக்கரக்குளமும் செட்டிக்குளமும் அவ்வாறு அமைந்தவை. மலையே நீர்ப்பிடிப்பு, மலையே கரை.

களஞ்சியங்கள் அடுத்த சிந்தனை. கிருட்டிணகிரியின் உச்சியிலும் இராசகிரியிலும் அடிவாரக் கோட்டையிலும் பருத்த சுவர்களும் வளைந்த கூரையும் கொண்ட நெற்களஞ்சியங்கள் நிற்கின்றன. அவற்றின் வடிவத்தில் அழகுக்கென்று தனியே சேர்க்கப்பட்டது ஏதுமில்லை. ஈரம் புகாமை, சுமை தாங்குதல் என்னும் தேவைகளே வடிவத்தை முடிவு செய்தன. ஆயினும் அக்கூடத்தின் உள்ளே நிற்போர்க்கு ஒரு பெருமிதம் தோன்றுவதைத் தவிர்க்க இயலாது. பயனை முற்றும் எண்ணிச் செய்த பொருளில் அழகு அழையாமல் வந்து அமர்வதற்கு இக்களஞ்சியங்கள் எடுத்துக்காட்டு.

கல்லின் வினை

எண்ணம் உருவாகும்போது பொருள் எதிர்த்து நிற்கிறது. செஞ்சியில் அப்பொருள் கருங்கல். கருங்கல்லை விரும்பியபடி வெட்ட இயலாது. அதன் போக்கறிந்து பிளக்கவே இயலும். பாறையில் வரிசையாகச் சிறு குழிகளை உளியால் தோண்டி, அவற்றில் ஆப்பு இறக்கி, குழிகளின் கோட்டிலேயே கல் பிளக்குமாறு செய்வது தமிழகத்துக் கல்தச்சர் முறை. பிளந்த கல்லை ஏற்ற வேண்டிய உயரம், இழுக்க வேண்டிய சரிவு, திருப்ப வேண்டிய முடுக்கு ஆகியவை மதிலின் போக்கைப் பெரிதும் முடிவு செய்தன. அதனால்தான் மதில் நேர்கோட்டை நாடவில்லை. பெரும்பாறை குறுக்கிட்ட இடத்தில் அதனை உடைக்காமல் மதிலின் உறுப்பாகவே சேர்த்துக்கொண்டார்கள். பாறை மதிலாகி மதில் பாறையாகும் அந்தத் தொடர்ச்சிக்குக் காரணம் அழகுணர்ச்சி மட்டுமன்று, உழைப்பின் சிக்கனமும் ஆகும். யாப்பின் தடையை யாப்பின் துணையாக்கிக்கொள்ளும் புலவன் செய்வதும் இதுவே.

வழி அமைப்பிலும் இவ்வறிவே வேலை செய்தது. அடிவாரக் கோட்டையின் வாயில்கள் நேரே உள்ளே விடுவதில்லை. வளைத்துத் திருப்பியே உள்ளே விடுகின்றன. யானையும் பெருங்கூட்டமும் விரைந்து மோத இடமின்றிச் செய்வது இத்திருப்பத்தின் நோக்கம். இராசகிரியின் உச்சிக்கு ஏறும் படிவழியில் வாயிலுக்குப் பின் வாயிலாகத் தடைகள் நிற்கின்றன. உச்சியை நெருங்கும்போது இயற்கை பிளந்து வைத்த ஒரு பெரும் வெடிப்பு குறுக்கிடுகிறது. அகலம் ஏறத்தாழ 24 அடி. ஆழம் ஏறத்தாழ 60 அடி. அதன்மேல் மரப்பாலம் ஒன்று இடப்பட்டது. பாலத்தை எடுத்துவிட்டால் உச்சி தனித்தீவாகிவிடும். கோட்டை முழுவதிலும் மிகச் சிறந்த காப்பு, கட்டப்பட்ட எதுவுமன்று. நிரப்பாமல் விடப்பட்ட ஒரு வெற்றிடம். எதைச் செய்வது என்பதோடு எதைச் செய்யாது விடுவது என்பதையும் அறிந்த ஒருவர் அம்முடிவை எடுத்திருக்கிறார்.

இரு மரபின் கூட்டு

அடிவாரக் கோட்டையின் நடுவே நிற்கும் கல்யாண மகால் வேறொரு வகைச் சிந்தனைக்குச் சான்று. சதுரமான முற்றம், சுற்றிலும் அறைகள், நடுவே அடுக்கடுக்காக உயர்ந்து கூர்நுனிக் கூரையில் முடியும் கோபுரம். நாயக்கர் காலத்ததாகக் கருதப்படும் இக்கட்டடம் ஏறத்தாழ 80 அடி உயரமுடையது. தமிழகக் கோயிற்கலை தூணும் போதிகையும் உத்தரமும் கொண்டு சுமையை நேர்கீழே இறக்கும் மரபு. கல்யாண மகாலோ வளைவுகளால் சுமையைப் பக்கவாட்டில் பகிரும் மரபைத் தழுவியது. வளைவு தக்காணத்து இசுலாமிய அரசுகளின் வழியே வந்தது. படிப்படியாகக் குறுகி உயரும் முடியமைப்பு கோயில் விமானத்தை நினைவூட்டுகிறது. விசயநகர அரண்மனைகளில் தொடங்கிய இக்கலப்பைச் செஞ்சியின் கட்டடக் கலைஞர் தம் கைப்பழக்கத்திற்கு ஏற்ப மாற்றிக்கொண்டனர். உயர்ந்த இடத்து நீர்நிலையிலிருந்து சுடுமண் குழாய் வழியே மேல்தளத்திற்கு நீர் கொண்டு சென்றதும் இக்கட்டடத்தின் சிறப்பாகச் சொல்லப்படுகிறது. மூடிய குழாயில் நீர் தன் ஊற்றின் மட்டத்தை நாடும் என்னும் அறிவு அங்கே வீட்டுப் பயனாக மாறியது. கிருட்டிணகிரி உச்சியில் அரங்கநாதர் கோயிலும், குவிமாடமும் வளைவுகளும் உடைய கொலுமண்டபமும் ஒரே தளத்தில் நிற்பதும் இக்கூட்டின் விளைவே.

திருத்தியோர்

1597இல் செஞ்சிக்கு வந்த இயேசு சபைத் துறவி பிமெண்டா, கிருட்டிணப்ப நாயக்கர் காலத்து நகரைக் கண்டு வியந்தார். இந்தியாவில் தாம் கண்ட நகரங்களுள் இதுவே பெரிது என்றும், லிசுபன் நீங்கலாகப் போர்ச்சுகலின் எந்நகரையும்விடப் பெரிது என்றும் அவர் எழுதினார். பாறையே கொத்தளமாகவும் கோபுரமாகவும் வடிவம் பெற்றிருந்ததை அவர் குறித்தது கருதத்தக்கது. ஆனால் அந்த வியப்புக்குரிய வடிவமும் இறுதி வடிவமாகிவிடவில்லை.

பீரங்கியும் துப்பாக்கியும் போரின் முறையை மாற்றியபோது மதிலும் மாற வேண்டியிருந்தது. பிரெஞ்சு அறிஞர் ழான் தெலோஷ் 2005இல் வெளியிட்ட ஆய்வு இம்மாற்றங்களைக் கல்லடுக்கின் துணைகொண்டே பிரித்துக் காட்டுகிறது. விசயநகர, நாயக்கர் காலப் பணியில் பெருங்கற்கள் சாந்தின்றிப் பொருத்தப்பட்டன. கொத்தளங்கள் நாற்கர வடிவின. பின்னர் வந்தோர் வட்டக் கொத்தளங்களையும் துப்பாக்கித் துளையுள்ள கைப்பிடிச் சுவர்களையும் சேர்த்தனர். நாற்கரக் கொத்தளத்தின் முனையில் குண்டு பட்டால் முனை சிதறும். வட்டத்தில் பட்ட குண்டு வழுக்கிச் செல்லும். ஒரு வடிவம் மற்றொன்றுக்கு இடம் விட்டதன் காரணம் அதுவே.

1649இல் பீசப்பூர் அரசும் 1677இல் சிவாசியும் செஞ்சியைக் கைக்கொண்டனர். சிவாசி அங்குப் புதிய மதில்களை எழுப்பி, அகழி தோண்டி, கொத்தளங்கள் கட்டியதை 1678ஆம் ஆண்டின் இயேசு சபைக் கடிதம் ஒன்று விவரிக்கிறது. ஐரோப்பியரும் குறை காண இயலாத செப்பத்தோடு அப்பணி நடந்தது என்பது கடிதம் எழுதியவரின் தீர்ப்பு. அதே காலத்தில் பிரான்சில் வோபான் தாளில் விண்மீன் வடிவக் கோட்டைகளை வரைந்து, வரைந்தபடியே சமநிலத்தில் எழுப்பிக்கொண்டிருந்தார். அங்கே வடிவம் முதலில் பிறந்தது. நிலம் அதற்குப் பணிந்தது. செஞ்சியில் நிலம் முதலில் நின்றது. வடிவம் அதனைக் கேட்டுக் கேட்டுப் பிறந்தது.

சிவாசியின் மைந்தன் இராசாராம் தஞ்சம் புகுந்தபோது, முகலாயப் படை 1690 முதல் 1698 தொடக்கம் வரை இக்கோட்டையை முற்றுகையிட நேர்ந்தது. முற்றுகை நீண்டதற்கு முகலாயத் தளபதியரின் உட்பகையும் ஒரு காரணம். ஆயினும் சுனையும் களஞ்சியமும் மும்மலை அமைப்பும் இன்றேல் அத்தனை ஆண்டுகள் தாங்கியிருத்தல் இயலாது. மாறாக, 1750 செப்டம்பரில் புசி தலைமையிலான பிரெஞ்சுப் படை ஒரே இரவில் கோட்டைக்குள் புகுந்தது. மலையும் மதிலும் அவையே. உள்ளிருந்தோர் ஏற்கெனவே தோற்று மனம் தளர்ந்த படையினர். செயல்திறம் இல்லாதார்க்கு எத்துணைச் சிறந்த அரணும் அரணன்று என்னும் கருத்தோடு வள்ளுவர் தம் அதிகாரத்தை முடித்ததன் பொருள் அன்றிரவு விளங்கியது. 1761இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தபின் கோட்டையின் பயன் படிப்படியாகத் தேய்ந்தது. திருத்துவோர் இல்லாமற்போயினர். படைப்பு முடிந்தது என்பதைவிட, நின்றது என்பதே சரி.

பெயர் பெற்றோரும் பெறாதோரும்

செஞ்சி என்றால் தமிழ் மக்கள் நினைவில் எழுவது தேசிங்குராசன் பெயர். 1714இல் சில திங்களே ஆண்டு, அவ்வாண்டு அக்டோபரில் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகானோடு பொருது இறந்த இளைஞன் அவன். அவனைப் பாடிய கதைப்பாடல் அவனையும் அவன் குதிரையையும் நண்பன் மாவத்துக்கானையும் சாகாதவராக்கியது. அது நாட்டுப்புறப் புலவரின் வெற்றி, குறை சொல்வதற்கில்லை. ஆனால் சில திங்கள் ஆண்டவன் பெயர் நிலைத்த ஊரில், பல நூற்றாண்டுகள் கல் சுமந்தவருள் ஒருவர் பெயரும் நிலைக்கவில்லை. நிரப்பாமல் விட்ட அந்த வெடிப்பைக் காப்பாக்க எண்ணியவர் எவர்? சக்கரக்குளத்திற்கு இடம் குறித்தவர் எவர்? மண்டகப்பட்டிலும் கல்வெட்டில் உள்ளது மன்னன் பெயரே. உளி பிடித்தவன் பெயரன்று.

கோட்டைக்கே ஆள்வோர்தோறும் பெயர் மாறியது. பீசப்பூரார் பாதுஷாபாத் என்றனர்; முகலாயர் நுசுரத்கட் என்றனர். மக்கள் வழக்கில் செஞ்சியே நின்றது. 2025 சூலையில் உலக மரபுச்சின்னமாக யுனெசுகோ இதனை ஏற்றபோது, மராட்டியப் படைத்துறை நிலக்காட்சிகள் என்னும் தலைப்பின்கீழ், மராட்டிய மாநிலத்தின் 11 கோட்டைகளோடு பன்னிரண்டாவதாக இது இடம்பெற்றது. அப்பெருமை மகிழ்ச்சிக்குரியது, மராட்டியர் பணி இக்கோட்டையின் மெய்யான ஒரு பகுதி. ஆனால் பல புலவர் பாடிச் சேர்த்த தொகைநூலை ஒருவர் பெயரால் அழைப்பது போன்றது அத்தலைப்பு. காடவர், கோன் மரபினர், விசயநகரத்தார், நாயக்கர், பீசப்பூரார், மராட்டியர், முகலாயர், பிரெஞ்சுக்காரர் என அனைவர் கையும் இம்மதிலில் உண்டு. இதனைச் சொல்ல வேண்டிய பொறுப்பு தமிழில் எழுதுவோர்க்கே முதலில் உரியது.

பொறுப்பு பெயரோடு முடிவதில்லை. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சூழ்ந்து நிற்கும் உயர்ந்த ஒற்றைக்கல் தூண்கள் செஞ்சி வேங்கடரமணர் கோயிலிலிருந்து பிரெஞ்சுக்காரரால் கொண்டு செல்லப்பட்டவை என்பர். அவை அங்கும் அழகாகவே நிற்கின்றன. ஆனால் தாங்க வேண்டிய கூரை அவற்றிற்கு இல்லை. தாங்கும் தொழில் போனபின் தூண் அணியாகிவிடுகிறது. கோட்டையைக் காப்பதிலும் இதே இடர் உண்டு. மதிலைப் பூசி நிறுத்திவிட்டு, குளத்திற்கு நீர் கொணரும் சரிவையும் கால்வாயையும் தூர்ந்துபோக விட்டால் எஞ்சுவது கோட்டையின் உருவம் மட்டுமே. எந்த எண்ணத்திலிருந்து அது பிறந்ததோ, அந்த எண்ணம் போய்விடும். நீர்வழியைக் காப்பதே கோட்டையின் கருவைக் காப்பது.

சி. எசு. சீனிவாசாச்சாரியார் 1943இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வழியே செஞ்சியின் ஆட்சியாளர் வரலாற்றை விரிவாக எழுதினார். ஆண்டோர் வரலாறு அவ்வாறு எழுதப்பட்டுவிட்டது. ஆக்கியோர் வரலாற்றுக்கு ஏடு இல்லை. பாறையில் உள்ள உளிக்குழியும், கல்லடுக்கின் மாற்றமும், குளத்தின் கரையுமே ஏடுகள். அவற்றைப் படிக்கச் சொல்லாராய்ச்சியில் பழகிய கண் உதவும். ஒரு பாட்டில் இடைச்செருகலை இனங்காண்பவர்க்கு ஒரு மதிலில் இரு காலத்துக் கைகளை இனங்காண்பது அரிதாகாது.

பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டமும் பல கைகளின் பணியே. கூட்டம் கூட்டியவர், பாய் விரித்தவர், படியெடுத்தவர், பிறர் பாட்டைத் திருத்தித் தந்தவர் பெயர்கள் மலரில் இடம்பெறாது போவதுண்டு. செஞ்சியின் மதில் அவர்களுக்கும் உரியது.